புயலுக்கு முன் ஒரு பகல் ஷிப்ட்

புயல் கரையைக் கடக்கும் வரை ஏரிக்கரையில் காவல் இருக்கப் போவதாக என் வீட்டுக்காரர் இட்லி சாப்பிடும்போது முடிவெடுத்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. குளியலறையிலேயே வழுக்கி விழுகிறவர்.

எனக்கோ மொட்டை மாடியில் துணி வேகமாக ஆடினாலே ஜன்னலைச் சாத்தத் தோன்றும்.

அவர் பெயர் பழனிவேல். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், லாரியில் பெட்டிகளை ஏற்றிக் கட்டுகிற பிரிவுக்கு சூப்பர்வைசர். எங்கள் ஊர் ஏரியின் மீன் குத்தகையில் இந்த வருஷம் நாங்களும் பங்கு சேர்ந்தோம். இரண்டு ஃபைபர் படகும் எங்களுடையவை. வலை போடுவது பக்கத்து வீட்டு கோவிந்தம்மா குடும்பம்.

புயல் செய்தி வந்ததுமே அவர் படகுகளைக் கட்டிவிட்டார். லாரியில் பெட்டியை இறுக்கும் பெல்ட்டைக் கொண்டுவந்து, கரையோரக் கல்தூணோடு சேர்த்து, படகு மூச்சுவிட முடியாதபடி இறுக்கினார்.

"இன்னாண்ணா இது?" என்றாள் கோவிந்தம்மா. "மழையில தண்ணி ஏறும். படகும் கூடவே ஏற வேணாவா? இப்பிடி இறுக்கினா மேல வர முடியாம கவுந்துடும். கயித்த நீட்டா வுடு."

"நான் கட்டின பெட்டி டெல்லி வரிக்கும் ஒரு இன்ச்சு ஆடாம போவுது, தெரியுமா?"

"ரோடு மேல ஏறாதுங்க. தண்ணி ஏறும்," என்றேன் நான்.

அவர் வானத்தைப் பார்த்தார். அவிழ்த்துக் கட்டினால் கோவிந்தம்மா சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்கு நனைந்து சாவது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் இந்தக் காவல் யோசனை.

"தண்ணி ஏற ஏற நானே பக்கத்துல நின்னு பெல்ட்ட தளத்தி வுடுவேன். வேப்பமரத்தாண்ட ஒரு சேர் போட்டுகினு உக்காந்தா முடிஞ்சிது."

"காத்து ஆளத் தூக்கினு போச்சின்னா?"

"ஹெல்மெட் கீது."

அழுது பார்த்தேன். சட்னி கேட்டார். வேறு வழி தேடினேன்.

"ஏங்க, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பத்தான் வந்துகீறீங்க. தூங்காம அடுத்த ஷிப்ட் பாக்க உங்க கம்பெனியில வுடுவாங்களா?"

"சான்ஸே இல்ல. சேஃப்டி ரூல்."

"அப்போ பகல் ஷிப்ட் நான் பாக்குறேன். சாயங்காலம் வந்து மாத்திக்குங்க."

வீட்டிலேயே ஒரு ஆள் கிடைத்ததில் அவருக்குப் பெருமை. கம்பெனியில் போடும் பளபளக்கும் பச்சைக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். விசில் கொடுத்தார். "எதையும் தொடாத. பாத்துகினே இரு," என்று ட்ரெயினிங்கை முடித்துவிட்டுப் படுத்தார். நான் செருப்பு மாட்டுவதற்குள் குறட்டை கேட்டது.

நேராகக் கோவிந்தம்மாவிடம் போனேன். புயல் இன்னும் வலுத்துவிட்டது என்று அதற்குள் அவள் கேள்விப்பட்டிருந்தாள்; அவ்வளவு பெரிய புயல் என்றால் அவர்கள் வீட்டில் படகைக் கட்டிவைப்பதில்லை. தண்ணீருக்குள் முழுகவைத்துவிடுவார்கள். பெல்ட்டை அவிழ்த்தோம். துடுப்பையும் வலையையும் கரையேற்றினோம். படகுக்குள் கல்லை ஏற்றி, ஒரு பக்கம் சாய்த்து அழுத்தினோம். தண்ணீர் உள்ளே புகுந்தது. இரண்டும் சத்தமில்லாமல் அடியில் போய் உட்கார்ந்தன. பிறகு இழுத்துக்கொள்ள, படகிலிருந்து நீளமான கயிறுகளைக் கொண்டுவந்து கரை மேட்டில் ஒரு பனைமரத்தில் கட்டினோம்.

மழை தூற ஆரம்பித்தபோது அவர் ஹெல்மெட், ரெயின்கோட், சேஃப்டி ஷூ சகிதம் வந்தார். கையில் நாற்காலி.

"ஹேண்ட் ஓவர் ரிப்போர்ட் சொல்லு."

"ரெண்டு படகு. ஒரு இன்ச்சு ஆடல."

ஏரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"படகு எங்கடி?"

"உங்களுக்கு நேரா. கீழ."

"முழுகிப் போச்சா!"

"போவல. நாங்கதான் முழுக வெச்சோம்."

"காத்து மேலதானண்ணா அடிக்கும்?" என்றாள் கோவிந்தம்மா. "அடியில கெடக்கிறத இன்னா பண்ணும்?"

அவர் நாற்காலியைக் கீழே வைத்தார். ஹெல்மெட்டில் மழை சொட்டியது.

"அப்போ நான் இன்னாத்துக்கு நிக்கணும்?"

"அதாங்க நானும் யோசிக்கிறேன்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார்.

புயல் ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தோம். ஏரி கரையின் கழுத்துக்கு வந்திருந்தது. கல்தூண் கண்ணுக்கே தெரியவில்லை. வேப்பமரம் வேரோடு சாய்ந்து தண்ணீருக்குள் படுத்திருந்தது.

அவர் மரத்தை உற்றுப் பார்த்தார். "சேர் நான் அந்தப் பக்கமாத்தான் போட்டிருப்பேன்," என்றார்.

கயிற்றை இழுத்துப் படகுகளை ஆழமில்லாத இடத்துக்குக் கொண்டுவந்தோம். ஒரு கீறல் இல்லை. பக்கத்து ஏரியில் புயலுக்குப் படகைப் பறிகொடுத்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"யாரு குடுத்த ஐடியா இது?" என்று ஒருவர் கேட்டார்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நம்ம பிளான்தான். லேடீஸ வெச்சி செய்யச் சொன்னேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தம்மா ஒரு பெயிண்ட் வாளியை அவர் கையில் கொடுத்தாள்.

"அப்போ உள்ள கீற தண்ணிய எப்பிடி எறைக்கிறதுன்னும் உனக்குத்தாண்ணா தெரியும்."