முள்ளங்கியின் விஷம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பது. கொரியாவின் ஜியோன்ஜு நகரில் எங்கள் பகல் மையத்து வரிசை மாடிப்படி வரை நீண்டிருந்தது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் வேலை பழகும் இடம் அது. பிள்ளைகளுக்கு இருபது, முப்பது வயது. வரிசையில் நின்றவர்கள் தாய்மார்கள். நான் ஏழாவது ஆள்.

ஆசான் குவாக் வந்திருந்தார். அவரிடம் சில தொட்டிகள், மின்கம்பி செருகிய பெட்டிகள், ஒரு பை மூங்கில் உப்பு. வெந்நீரில் காலை வைத்தால் பாதம் வழியே விஷம் இறங்குமாம். தண்ணீர் பழுப்பாகப் பழுப்பாக மூளை தெளியுமாம். தண்ணீர் பழுப்பானது. தெளிந்தது குவாக்கின் வாழ்க்கை.

மையத்தில் வேலை பழகும் தாசோமுக்கு இருபத்தாறு வயது. செவ்வாயும் வியாழனும் பதினொரு மணிக்கு நீச்சல். ஒரு வருடத்தில் ஒன்பது கிலோ குறைந்திருந்தாள். ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது.

"நீச்சலை நிறுத்துங்கம்மா," என்றார் குவாக். "குளத்து மருந்தெல்லாம் பாதத்துல ஏறுது."

"இன்னிக்கே நிறுத்திடறேன் ஐயா," என்றாள் அவள் அம்மா.

"பதினோரு மணிக்கு நீச்சல்," என்றாள் தாசோம்.

"சும்மா இரு. பெரியவங்க பேசறோம்ல?"

"நானும் பெரியவதான்."

வரிசையில் பின்னால் நின்ற யுன்ஹோவின் அம்மா சிரித்தாள். "முள்ளங்கிக் காலை வச்சுக்கிட்டு வாயைப் பாரு."

தடித்த காலுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். தாசோம் தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள். குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்காகக் கழுவி அடுக்கிய முள்ளங்கிகள். இரண்டை எடுத்துக் கடைசித் தொட்டியில் இறக்கினாள். உப்புப் போட்டாள். பெட்டியை முடுக்கினாள். மேலே துண்டைப் போர்த்தினாள். விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டோம்.

அரை மணி கழித்துக் குவாக் துண்டின் ஓரத்தைத் தூக்கினார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, இவ்வளவு விஷத்தை நான் பார்த்ததே இல்ல. யாரும்மா இது? இருபது தடவையாவது உட்காரணும்."

தாசோம் கையை விட்டு முள்ளங்கிகளைத் தூக்கினாள்.

குவாக் சற்று யோசித்தார். "முள்ளங்கிக்கும் உரம் போடறாங்களே."

தாசோம் மின்கம்பியின் இரும்பு நுனியைத் தண்ணீரிலிருந்து எடுத்து அவருடைய வெள்ளைத் துண்டில் துடைத்தாள். துண்டு பழுப்பானது. துரு.

குவாக் பெட்டிகளை அள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் படியிறங்கினார். யாரும் நகரவில்லை. மூளை வளர்ந்தவர்கள் என்று எங்களுக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை, நாங்களாக வைத்துக்கொண்ட பெயர் அது.

தாசோம் நீச்சல் பையைத் தோளில் மாட்டினாள்.

"அம்மா, பத்தே முக்கால் ஆச்சு. அவர் போயிட்டாரு. நீங்கள்லாம் இன்னும் ஏன் வரிசையிலயே நிக்கிறீங்க?"