மூலக்குளத்தில் ஓர் இஞ்சி வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர் நல்ல மனிதர். இரண்டையும் ஒரே மாதத்தில் செய்து பார் என்று அவர் சொல்லவில்லை. வீட்டை இஞ்சி பிஸ்கட்டால் கட்டிப் பார் என்றும் சொல்லவில்லை. அவை என் சொந்தச் சேர்க்கை.

சில வருடங்களுக்கு முந்தைய டிசம்பர். மூலக்குளத்தில் எங்கள் வீட்டின் மேல் ஒரு மாடி அறை எழும்பிக்கொண்டிருந்தது. கீழே என் மகள் நிலா, கல்லூரியில் உடன் படித்த ரெமியைத்தான் கட்டுவேன் என்று நின்றுகொண்டிருந்தாள். ரெமியின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்களோ ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பம். எனக்குச் சம்மதம்தான். (என் மனைவி செல்வி சம்மதித்த பிறகு எனக்கு எதுவுமே சம்மதம்தான்.) பையனின் அம்மா மதாம் லூர்து மட்டும் பிடி கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு வீட்டுக்கு வந்து, எங்களைப் பார்த்து, பிறகு முடிவு சொல்வதாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்து நிலா தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மதாம் வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குத் தன் கையால் செய்யும் இஞ்சி பிஸ்கட் வீடு. கூரையில் சர்க்கரைப் பனி. புதுச்சேரியில் என்றைக்குமே பெய்யாத பனி, அந்த வீட்டில் மட்டும் தவறாமல் பெய்துகொண்டிருந்தது.

"நாமளும் இத ஒண்ணு கட்டி வைப்போம்" என்றேன்.

"வேணாம்பா. ஒரு கேக் வாங்கி வெச்சா போதும்."

"கேக்க யார் வேணா வாங்கலாம்."

"அதனாலதாம்பா சொல்றேன்."

ஒரு பெண் தன் வாழ்க்கைக்காக அப்பனிடம் இதைவிடத் தெளிவாகக் கெஞ்ச முடியாது. எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பிஸ்கட் சுடுகிற 'அவன்' அடுப்பு கிடையாது. ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வீடுகளில் கலக்கிய கேக் மாவைத் தகர டின்களில் எடுத்துப் போய், பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கி வருவார்கள். சனிக்கிழமை காலை அந்த வரிசையில் நானும் நின்றேன். முன்னாலும் பின்னாலும் டின் ஏந்திய அம்மாக்கள். என் தலைமேல் சுக்குத்தூளும் வெல்லப்பாகும் போட்டுப் பிசைந்து தட்டிய மாவு, நான்கு தாம்பாளங்களில். சுட்டு எடுத்த பேக்கரிக்காரர் ஒரு துண்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சார், இது திங்கிறதுக்கா, தரைல ஒட்டுறதுக்கா?"

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரைப் பொடியும் அடித்த கலவைதான் சாந்து. மதியத்துக்குள் என் வீடு மூன்று முறை விழுந்தது. நான்காவது முறை விழுந்தபோது, மாடியில் பூச்சு வேலையில் இருந்த மேஸ்திரி ஏழுமலையைக் கீழே கூப்பிட்டேன். அவர் வந்து இடிபாடுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"கலவ யார் சார் போட்டது?"

"நான்தான்."

"அதான பாத்தேன்."

தூக்குக் குண்டை எடுத்து வந்தார். ரசமட்டத்தையும் எடுத்து வந்தார். சிமெண்டுக் கரண்டியை எடுத்தபோது செல்வி சமையலறை வாசலில் குறுக்கே நின்றாள். "அத வெச்சிட்டு இந்தத் தோசத் திருப்பியப் புடிங்க" என்றாள். ஏழுமலை தோசைத் திருப்பியால் நான்கு சுவரையும் நூல் பிடித்த மாதிரி நிறுத்தினார். வாசல் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்றேன். "மேசையத் திருப்பிக்கலாம் சார்" என்றார். (முப்பது வருட அனுபவம்.) கூரைக்குப் பாதாம் சீவல் ஓடு. சுவருக்குக் கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளின் மஞ்சள். பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம், வாடகைக்கும் விடலாம்.

கீழே எறும்புத் தொல்லை. அதனால் புது மாடி அறையில் ஒரு முக்காலி போட்டு, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, மேலே வீட்டை வைத்தேன். சம்பந்தி வந்ததும் நேராக மாடிக்கு அழைத்துப் போய்த் திறந்து காட்டுவது என் திட்டம். புது அறையையும் காட்டினாற்போல இருக்கும்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாகக் கட்டிய சுவருக்கும் தளத்துக்கும் சில நாள் தண்ணீர் விட்டு நனைக்காவிட்டால் விரிசல் விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அதைப் பற்றி ஒரு புத்தகமே படித்திருந்தேன். படித்தவன் கையில் ஒரே ஒரு விஷயம் சிக்கினால் அக்கம்பக்கத்துக்கு ஆகாது. சித்தாள் பச்சையம்மாவைத் தினமும் பிடித்து வைத்துப் பாடம் நடத்தினேன். "ஞாயித்துக்கெழமையும் வரணும். இந்த மாடில புதுசா எழும்புன எதையும் விடக் கூடாது. ஒரு மூலகூட காஞ்சிருக்கக் கூடாது."

பச்சையம்மா கேள்வி கேட்கிற பெண் இல்லை.

ஞாயிறு பதினோரு மணிக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பட்டுப் புடவையில் மதாம் லூர்து, தொப்பியில் ரெமியின் அப்பா முசியே சின்னப்பன், பின்னால் வியர்வையில் ரெமி. செல்வி காபி கொண்டுவரும் முன்பே நான் அவர்களை மாடிப்படி ஏற்றினேன். அறை நடுவே முக்காலி. அதன்மேல் ஏதோ ஒரு சாக்கு மூடியிருந்தது. தூசி படக் கூடாதென்று செல்வி போர்த்தியிருக்கிறாள் என்று நினைத்து மனம் நெகிழ்ந்தேன்.

"ஒங்க கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுலேர்ந்து ஒரு வீடு" என்றேன். அந்த வாக்கியத்தை இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

சாக்கை இழுத்தேன். அது சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. அடியில், ஆடி மாதம் நாங்கள் ஊற்றுவதுபோல, கூழ். நடுவே ஒரே ஒரு வாசல் நிலை மட்டும் நின்றுகொண்டிருந்தது. கிழக்குப் பார்த்து.

நிலா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்தபோதுதான், இடிந்தது பிஸ்கட் மட்டுமில்லை என்று உறைத்தது.

மூலையில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள் பச்சையம்மா.

"என்னம்மா இது?"

"நீதான சார் சொன்ன, புதுசா எழும்புன எதையும் வுடாதன்னு. மேஸ்திரி குண்டு வுட்டுக் கட்டுனாரு, நானே பாத்தேன். மேல வெள்ளையா பூத்திருந்திச்சி. வெடிச்சிடப் போவுதேன்னு ரெண்டு கொடம் சேத்து வுட்டு, சாக்கு நனைச்சிப் போட்டேன்."

இதற்குள் முசியே சின்னப்பன் இதுதான் பலகாரம் போலிருக்கிறது என்று முடிவு செய்து, விரலால் ஒரு வழி வழித்து வாயில் போட்டுக்கொண்டார். "போன்" என்று பிரெஞ்சில் நன்று சொன்னார். கொஞ்சம் மென்றார். "லேசா மணல் இருக்கு."

மதாம் லூர்து அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தார். அடுத்த சுவரிலும் வைத்தார். பிறகு பச்சையம்மாவைக் கேட்டார்.

"தெனம் எத்தன வேள விடுற?"

"ரெண்டு வேள மதாம். வெயிலு அடிச்சா மூணு."

மதாம் என் பக்கம் திரும்பினார். "எங்க மாடி கட்டி ஆறு மாசந்தான் ஆவுது. செவுரெல்லாம் வெடிப்பு. காசு வாங்கிட்டுத் தண்ணியே விடல பாவிங்க. கேட்டா வெயிலு மேல பழி போடுறாங்க." மறுபடி சுவரைத் தட்டிப் பார்த்தார். "சொன்னா சொன்னபடி செய்யிற ஆளுங்க ஒங்க வீட்டுல இருக்காங்க முசியே. எங்க வீட்டுல யாரு இருக்கா?" என்றபடி ரெமியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே மருமகள் தேவை என்கிற தீர்மானம் இருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் பேச்செல்லாம் விரிசலைப் பற்றியும் கலவையைப் பற்றியும்தான். காபி ஆறியது, கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்தன்று முதல் வரிசையில், மதாமின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது பச்சையம்மா. எனக்கு மூன்றாவது வரிசை.

இப்போதெல்லாம் கிறிஸ்துமஸ் அன்று மாதா கோவில் பூசை முடிந்து வந்ததும் சம்பந்தி வீட்டில் எல்லோரும் இஞ்சி வீட்டைச் சுற்றி நிற்பார்கள். ஒரு செம்பில் தண்ணீரை என் கையில் கொடுத்து, "மாமா, ஊத்துங்க" என்பான் ரெமி. நான் ஊற்றுவேன். கூரை மெல்ல உட்காரும். எல்லோரும் கைதட்டிவிட்டு ஸ்பூன் எடுப்பார்கள்.

போன வருடம் பிரான்ஸிலிருந்து மதாமின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. அண்ணன் மனைவி வெள்ளைக்காரப் பெண்மணி. நான் ஊற்றி முடித்ததும், இது தமிழ் இந்துக்களின் சடங்கா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். சிரிப்பார்கள் என்று மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. செல்விதான் பதில் சொன்னாள்: "ஆமாங்க. வழிவழியா வர்றது."

இந்த வருடம் அங்கிருந்து ஒரு வீடியோ வந்தது. வெளியே உண்மையான பனி பெய்துகொண்டிருக்கிறது. உள்ளே குடும்பமே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறது. அந்தப் பெண்மணி கண்ணை மூடி, இரண்டு கையாலும் குவளையைப் பிடித்து, இஞ்சி வீட்டின்மேல் பயபக்தியோடு தண்ணீர் ஊற்றுகிறார்.