அப்பிடியில்லை அண்ணையும் ஜோலோஃப் ராச்சியமும்

உலகத்தில் ‘அப்பிடியில்லை’ என்றொரு மனித இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால், நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் இருநூற்றைம்பது மைல் என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கூட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு தொண்டை செருமும். ஒரு கதிரை பின்னுக்குத் தள்ளப்படும். “அப்பிடியில்லை. எந்த றோட்டால போறியள் எண்டதைப் பொறுத்திருக்கு” என்று ஒரு குரல் வரும். அவரேதான்.

இவர் கெட்டவர் அல்லர். பொறாமை கிடையாது, புறங்கூற மாட்டார், கேட்டால் கோட்டைக் கழற்றித் தருவார். ஒரு பிழையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மட்டும் அவரால் முடியாது. நுளம்பு கடித்த இடத்தைச் சொறியாமல் இருக்க உங்களால் முடியுமா? செத்தவீட்டில் ஒருவர் கண்ணீரோடு இரங்கலுரை வாசிக்கும்போது, காலமானவரின் பிறந்த ஆண்டை இவர் எழுந்து நின்று திருத்தியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அன்றைக்கு அவரோடு வாதாடாமல் இருந்தது பெட்டிக்குள் படுத்திருந்தவர் ஒருவர்தான்.

ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த அப்பிடியில்லை, வெக்ஸ்போர்ட் பகுதியில் குடியிருந்த செல்வரட்ணம் அண்ணை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நூலகம் ஒன்றில் பழைய புத்தகங்களை மேசையில் பரப்பி மலிவாக விற்றார்கள். அண்ணை அதில் ஒரு தடித்த புத்தகத்தை அள்ளிக்கொண்டு வந்தார். மேற்கு ஆபிரிக்காவில், வெள்ளைக்காரன் வந்து கொடி நாட்டுவதற்கு முன்னால், வோலோஃப் மக்கள் கட்டி ஆண்ட ஜோலோஃப் ராச்சியத்தின் வரலாறு. ஏன் அண்ணை இது என்று கேட்டேன்.

“எல்லாரும் சோழரைப் படிக்கினம். நான் ஒண்டு சொன்னால் திருத்த ஆயிரம் பேர் வருவினம். ஜோலோஃபில ஆர் என்னைத் திருத்துறது?”

அதன் பிறகு ஸ்காபரோவில் ஜோலோஃப் நுழையாத வீடில்லை. பிறந்தநாள் விழாவில், வாய் நிறைய மட்டன் ரோல்ஸோடு நின்றவர்களை மறித்து, முதல் அரசன் ந்ஜாஜான் ந்ஜாயின் பெயரை மூக்கால் சொல்லப் பழக்கினார். சம்பந்தம் பேசிய வீட்டில், ஜோலோஃபில் அரசனைத் தெரிவு செய்யும்போது தாய்வழியையும் பார்ப்பார்கள் என்று சொல்லி, மாப்பிள்ளையின் தாயைக் கோபப்படுத்தினார். ஊர்ச்சங்கம் இரண்டாக உடைந்த அன்று அவருக்குக் கிட்டத்தட்ட திருவிழா.

“ஜோலோஃபும் இப்பிடித்தான். அதுக்குக் கீழ இருந்த காயோர் நாடு, டங்கி எண்ட இடத்தில நடந்த சண்டையில வெண்டு பிரிஞ்சு போச்சுது. பிறகு மற்றதுகளும் ஒவ்வொண்டாக் கழண்டுது.”

“அது சரி, அங்க பொருளாளர் ஆர்?” என்று கேட்டார் சங்கத்தின் பழைய தலைவர்.

ஆனால் அவர் உயிரைக் கொடுத்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் நீங்கள் மேலே போக முடியாது. நாங்களும் போக முடியவில்லை.

“ஆத்தங்கரையில மீன் பிரிக்கிறதில சண்டை. தண்ணிக்குள்ளால ஒருத்தன் எழும்பி வந்து, வாயே திறக்காமல், மீனைச் சரியாப் பிரிச்சுக் குடுத்திட்டுத் திரும்பத் தண்ணிக்குள்ள போயிட்டான். ஊராக்கள் பொய்ச்சண்டை பிடிச்சு ஆளைத் திரும்ப வரப்பண்ணி அமத்திப் பிடிச்சினம். ஆள் பேசான். அப்ப ஒருத்தர் என்ன செய்தார்? அவனுக்கு முன்னால ரெண்டு கல்லு வைச்சு, அதுக்கு மேல பானையை வைச்சார். பானை சரிஞ்சுது. திரும்ப வைச்சார். திரும்பச் சரிஞ்சுது. அவனுக்குப் பொறுக்கேலாமல் போச்சுது. ‘மூண்டு கல்லு!’ எண்டான். அவனைத்தான் முதல் அரசனாக்கினவை. பாத்தியளோ? ஒரு பிழையைத் திருத்தினதில ஒரு ராச்சியம் உண்டாயிருக்கு!”

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். நாடு நாடாகத் தேடி, கடைசியில் தன் சொந்தக்காரனைக் கண்டுபிடித்தவரின் முகம்.

இனி நாங்கள் வேலைக்குப் போய்வந்த வானுக்கு வருவோம். எங்களுக்கு வேலை, ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில். எங்கள் ஷிப்ற் நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இக்னேசியஸின் வான்தான் கதி. வானில் நாங்கள் ஐந்து பேர்: ஓட்டுகிற இக்னேசியஸ், மன்னார்க்காரரான அகஸ்ரின், செல்வரட்ணம் அண்ணை, நான். அண்ணைக்கு முன்சீற். ஏற்கெனவே வேறு இரண்டு வான்கள் அவரை இறக்கிவிட்டிருந்தன. இந்த வானும் போனால் வேலை போகும். வேலை போனால், பிறகு பகல் முழுக்க அவர் மனைவி கமலாம்பிகை அக்கா ஒருத்திதான் ஜோலோஃப் கேட்க வேண்டும். அக்காவுக்கு இரத்த அழுத்தம் வேறு.

ஒருநாள் இக்னேசியஸ், தான் பிராங்பேட் வழியாகக் கனடாவுக்கு வந்த கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

“அப்பிடியில்லை. நீர் வந்தது அம்ஸ்ரடாமால” என்றார் அண்ணை.

“நான் வந்தது எனக்குத் தெரியாதே?”

“அப்பிடியில்லை இக்னேசியஸ், போன மார்கழி நீரே சொன்னனீர்...”

வான் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்றது. லொறிகள் எங்களை உலுப்பிக்கொண்டு போயின. இக்னேசியஸ் திரும்பிப் பார்த்தார். “அண்ணை, பின்சீற்றுக்குப் போங்கோ. இனி என்ர வானுக்குள்ள ‘அப்பிடியில்லை’ எண்டு ஒருக்கால் சொன்னால், இறக்கிவிட்டிட்டுப் போயிடுவன்.”

அண்ணை வானின் கடைசியில் கிடந்த மாற்றுச் சில்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வீட்டில் அக்கா தீர்ப்பை உறுதிப்படுத்தினார். “பல்லைக் கடிச்சுக்கொண்டு இருங்கோ. உங்கட ஜோலோஃப் எங்களுக்குச் சோறு போடாது.”

இருந்தார். அது ஒரு பொற்காலம். நாங்கள் வாயில் வந்த பிழையையெல்லாம் பேசினோம். யானையிறவு மன்னாரில் இருக்கிறது என்றோம். அகஸ்ரின் இன்னும் ஒரு படி மேலே போய், “டங்கியில வெண்டது ஜோலோஃப்தானே?” என்று பின்பக்கம் பார்த்துக் கேட்டார். அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்தது. மாற்றுச் சில்லை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். எனக்கே பாவமாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு மழை நாள். கண்ணாடி துடைக்கத் துடைக்க ஒன்றும் தெரியவில்லை. விட்பிக்கு இறங்க வேண்டிய வழி வந்தது, போனது. ஒசாவா வந்தது. அதுவும் போனது. வெளியே வயல்களும் மாடுகளும் தெரியத் தொடங்கிய பிறகுதான் இக்னேசியஸ் பிறேக்கை மிதித்தார். பின்னால் திரும்பினோம். செல்வரட்ணம் அண்ணை மஃப்ளரை வாய்க்குள் திணித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“தெரிஞ்சுகொண்டோ இருந்தனீங்கள்?” என்றார் இக்னேசியஸ்.

அண்ணை தலையாட்டினார்.

அன்றைக்கு சுப்பர்வைசரிடம் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு காலமும் வானை இக்னேசியஸ் ஓட்டவில்லை. “அப்பிடியில்லை, மற்ற லேன்” என்ற குரல்தான் ஓட்டியிருக்கிறது. ஆனால் இக்னேசியஸ் ரோஷக்காரர். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க மாட்டார். அண்ணையாக வாய் திறந்தால், சிரித்து மன்னித்து முன்சீற்றில் ஏற்றலாம். எப்படித் திறக்க வைப்பது?

“அவற்ற கதையாலயே ஆளைப் பிடிப்பம்” என்றார் அகஸ்ரின்.

மே மாத நீண்ட வார இறுதி. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூழ். இக்னேசியஸின் மனைவி கிளடிஸ், நண்டு, மீன், பயற்றங்காய் எல்லாம் போட்டு, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் கரைத்து வைத்திருந்தார். கப்பலில் வந்த அவருடைய பெரிய பானை. இக்னேசியஸ் அண்ணையின் கதிரைக்கு நேர் முன்னால் குந்தி, இரண்டு கல்லை வைத்து, நெருப்பு மூட்டி, பானையைத் தூக்கி மேலே வைத்தார்.

அண்ணை கல்லைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மீசைக்குள் மெல்லச் சிரித்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவரே அவரல்லவா?

பானை ஒருபக்கம் சாய்ந்தது. ஒரு நண்டுக்கால் எட்டிப் பார்த்தது. அண்ணை வானத்தில்.

“ஐயோ, மூண்டாவது கல்லை வையுங்கோவன்!”

கத்தியது இக்னேசியஸ். அவரைத் தொடர்ந்து அகஸ்ரின் கத்தினார், நான் கத்தினேன், பக்கத்து மரத்தடியில் கோழி வாட்டிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத குடும்பம் தங்கள் பாஷையில் மூன்று விரலைக் காட்டிக் கத்தியது. பாதிக் கூழ் புல்லுக்குப் போனது.

“ரெண்டு கல்லில பானை நிக்குமோப்பா? உமக்கென்ன விசரே?” என்று கிளடிஸ் கரண்டியோடு வந்தார்.

செல்வரட்ணம் அண்ணை கதிரையை விட்டு எழுந்தார். “கதைப்படி, வாய் திறந்தவன்தான் அரசன். இண்டைக்கு இக்னேசியஸ்தான் அரசன். ஆனா அரசனுக்குப் பக்கத்தில ஒரு மந்திரி வேணும்.”

இக்னேசியஸ் சட்டையில் வழிந்த கூழைத் துடைத்தார். தோற்றுப்போன மனிதனின் முகம். “சரி அண்ணை. நாளைக்குக் காலமை முன்சீற்றில ஏறுங்கோ.”

“அப்பிடியில்லை,” என்றார் அண்ணை. “நாளைக்கு விக்டோரியா டே. செவ்வாய்க்கிழமைதான் வேலை.”

கிளடிஸ் உட்பட எல்லோரும் கைதட்டினோம்.

பாவம், செல்வரட்ணம் அண்ணை என்று சிரிக்கிறீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. மேலே ஓரிடத்தில், வானில் நாங்கள் ஐந்து பேர் என்று சொல்லிவிட்டு நாலு பேரை எண்ணிக் காட்டினேன். அது உங்களுக்காக நான் வைத்த இரண்டு கல். அந்த இடத்தில் உங்கள் தொண்டை லேசாகச் செருமியதா? பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, “இஞ்ச பாருங்கோ, இந்த ஆளுக்கு எண்ணத் தெரியேல்லை” என்று காட்டினீர்களா? அப்படியானால் வாருங்கள், அண்ணைக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது. நான் கவனிக்கவேயில்லை, எனக்கு அந்த வியாதி கிடையாது என்கிறீர்களா? மிகவும் சந்தோஷம். பிறகு எதற்காக இப்போது மேலே போய் எண்ணிப் பார்க்கிறீர்கள்?