சுக்கான் பாயின் முன் பிரேக்

காவிரிப் படுகையில் எல்லோரும் எதையாவது நிறுத்தச் சொல்லிப் போராடிக்கொண்டிருந்த காலத்தில், எதையுமே நிறுத்தத் தெரியாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் சுக்கான் பாய்தான்.

கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்குப் பதிவு, அறுவடைக்குக் கூலி, நிலத்துக்கு உச்சவரம்பு என்று சட்டங்கள் மேட்டூர்த் தண்ணீர் மாதிரி மதகு மதகாக இறங்கி வந்துகொண்டிருந்தன. கடைமடைக்கு வரும்போது தண்ணீரைப் போலவே சட்டமும் கொஞ்சம் மெலிந்துதான் வரும். அந்தக் கடைமடையில், திருத்துறைப்பூண்டிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சிற்றூரின் தாசில்தார் அலுவலகத்தில் நான் இளநிலை எழுத்தர். நிலத்துக்கு உச்சவரம்பு வந்ததே தவிர, எங்கள் ஆபீஸ் ஜீப்புக்கு மட்டும் ஒரு வரம்பும் வரவில்லை. அது பட்டாளத்தில் ஓடிக் களைத்து, கழித்துவிடப்பட்டு, எங்களிடம் வந்து சேர்ந்த ஜீப். அதை ஓட்டியவர் பாய்.

பாய் அதற்கு முன்னால் நாகப்பட்டினத் துறையில் லாஞ்சு ஓட்டியவர். தண்ணீரிலிருந்து தரைக்கு எப்படி வந்தார், அரசாங்க டிரைவர் எப்படி ஆனார் என்பதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. ஸ்டீயரிங்கை அவர் சுக்கான் என்றுதான் சொல்லுவார். வண்டியை எடுப்பதற்கு முன் இறங்கி நின்று, விரலை எச்சில் பண்ணி, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அவர் நம்பாத ஒரே பொருள் பிரேக்.

"கடல்ல எங்க தம்பி பிரேக் இருக்கு?" என்பார் என்னிடம். "அதுக்காகக் கப்பல் கரை சேராம இருக்கா? முன்னாடியே இஞ்சினை அணைக்கணும். அப்புறம் அதுவா வந்து சேரும். நிக்கிறது கால்ல இல்ல தம்பி, கண்ணுல இருக்கு."

உண்மையைச் சொன்னால், அந்த ஜீப்பில் நம்புவதற்கு பிரேக் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. முன் சக்கரத்து பிரேக் டிரம் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. வாய்க்காலில் ஒருமுறை இறங்கி ஏறினால் தண்ணீர் உள்ளே போய், மிதித்தால் சோப்பை மிதித்த மாதிரி வழுக்கும். எங்கள் தாலுகாவில் வாய்க்காலில் இறங்காமல் எந்த ஊருக்கும் போக முடியாது.

ஆகவே பாய் தன் முறைப்படியே வந்தார். தூரத்து முனியன் கோயில் திருப்பத்திலேயே இஞ்சினை அணைத்துவிடுவார். ஜீப் சத்தமில்லாமல் டீக்கடையைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்து மதிலை உரசாமல் உரசி, மெலிந்து மெலிந்து, ஆபீஸ் கொடிக்கம்பத்துக்கு அடியில் மூக்கை வைத்து நிற்கும். டீக்கடைக்காரர்கள் கிளாசைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று பார்ப்பார்கள், ஏதோ விமானம் இறங்குகிற மாதிரி. ஆடிக் காற்றில் மட்டும் கணக்குத் தவறும். ரேஷன் கடை வாசலிலேயே வண்டி படுத்துவிடும். அதிகாரி மண்ணெண்ணெய் வரிசைக்கு நடுவே புகுந்து நடந்து வருவார்.

"எதிர்க்காத்துங்க சார்," என்பார் பாய். வருத்தம் தெரிவிக்கிற குரலில் அல்ல, வானிலை அறிவிக்கிற குரலில்.

நடுவழியில் இறங்கவேண்டியவர்கள் ஓடும் ஜீப்பிலிருந்து குதிப்பது எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத பணி விதி. தலைமை எழுத்தர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் இறங்கப் பழகியிருந்தார்.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. அறுவடைக் காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் ரோடுதான் போர்க்களம். உள்ளூர் ஆட்கள் கூலி கூடக் கேட்பார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் இறக்குவார். இரண்டு கூட்டமும் கருக்கரிவாளோடு ரோட்டில் எதிரெதிரே நிற்கும். அப்போது தூரத்தில் பாயின் ஹாரன் கேட்கும். அவ்வளவுதான். சிவப்புக் கொடி இடப்பக்க வயலில் குதிக்கும், மிராசுதாரின் ஆட்கள் வலப்பக்க வாய்க்காலில் குதிப்பார்கள். நடுவே ஜீப் நிற்காமல் போகும். புழுதி அடங்கி, காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டு ஏறி வருவதற்குள் பாதிக் கோபம் வடிந்திருக்கும். போலீஸ் வேன் செய்யாததைப் பல அறுவடைகளுக்கு அந்தப் பிரேக் இல்லாத ஜீப் செய்தது.

புதிய தாசில்தார் வந்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், எதையும் சரியாகச் செய்யவேண்டும் என்று நினைக்கிற நல்ல மனிதர். முதல் நாளே வயல் பார்க்கக் கிளம்பினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. பாய் கேட்டைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார், சுக்கானை இடப்பக்கம் ஒடித்தார். ஜீப் நாற்றங்காலில் இறங்கி, வரப்பில் ஏறி, ஒரு வட்டம் அடித்து, வாய்க்காலின் நடுவில் போய் அமைதியாக நின்றது. தண்ணீர் தாசில்தாரின் மடி வரைக்கும் வந்தது.

"இறங்குங்க சார். துறை வந்தாச்சு."

தாசில்தார் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாய், பத்து நாள்ல இந்த வண்டிக்கு முன் பிரேக் மாத்தறீங்க. இல்லைன்னா வண்டியைக் கழிச்சுட்டு, உங்களைத் தபால் பிரிக்கிற எடத்துல உக்கார வெச்சுருவேன்."

பாயின் முகம் அன்றைக்குத்தான் வெளுத்தது. திரும்பி வரும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தபால் பிரிக்கிற எடம்னா, அந்த ஜன்னல் இல்லாத ரூமா தம்பி?"

"ஆமா பாய்."

"காத்தே வராதே."

காற்று வராத இடத்தில் பாய் எப்படி இருப்பார். மறுநாளே தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார். கீழவாசல் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, உடைந்த பெரிய ஜீப் ஒன்றின் முன் டிரம் இரண்டும், அவற்றுக்கு எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் வாங்கி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் தன் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். டிரம் ஒவ்வொன்றும் கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி இருந்தது. பழைய டிரம்மை அதற்குள் வைத்துப் பார்த்தோம். தாம்பாளத்துக்குள் வெற்றிலைத் தட்டு.

"பின்னாடிக்கு வாங்கலையா பாய்?" என்றேன்.

"மிதிச்சா பாரமெல்லாம் முன்னாடிதான தம்பி வந்து விழுது. படகு கரை தட்டும்போது மூக்குதான குத்துது, வாலா குத்துது?" பிறகு, யாரோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார். "நம்பிக்கை இல்ல. ஆனா சம்பிரதாயத்துக்கு நல்லதா போட்டுருவோம்."

ஆபீஸ் முற்றத்தில், வேப்பமரத்தடியில், பட்டா கேட்டு வந்தவர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல, டிரம் ஏறியது. கடைசி வேலை, குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது. எண்ணெயோடு காற்று கலந்திருந்தால் பிரேக் பஞ்சாகிவிடும். கீழே ஒருவர் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட, மேலே ஒருவர் சொன்னபடி பெடலை அமுக்கவேண்டும். பாய் கீழே. நான் மேலே. அமுக்கி அமுக்கி என் கால் மரத்துப்போன நேரத்தில் தாசில்தார் எட்டிப் பார்த்தார்.

"இன்னுமா முடியல?"

"சார், சும்மா நிக்காம ஏறி உக்காருங்க," என்றது ஜீப்புக்கு அடியிலிருந்து ஒரு குரல். "தம்பி கால்ல வலு இல்ல."

தாசில்தார் ஏறி உட்கார்ந்தார்.

"அமுக்குங்க. புடிங்க. புடிங்கன்னா புடிங்க சார், ஏன் விடுறீங்க? ம். இப்ப விடுங்க."

சரியாக அந்தக் கட்டத்தில் கூலிப் பேச்சுவார்த்தைக்கு இரண்டு தரப்பும் வந்துவிட்டன. உள்ளூர் ஆட்களின் சங்கத் தலைவர் ஒரு வாசல் வழியாக. மிராசுதாரின் காரியஸ்தர் இன்னொரு வாசல் வழியாக. தாலுகாவின் மாபெரும் அதிகாரி, கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் கட்டளைக்குக் காலை அமுக்கி எடுத்துக்கொண்டிருப்பதை இருவரும் பார்த்தார்கள்.

"இந்த ஆபீஸ்ல இவ்வளவு வேகமா ஒரு உத்தரவு நடந்து நான் பாத்ததில்லைங்க," என்றார் சங்கத் தலைவர்.

"பேசுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்," என்றார் தாசில்தார், பெடலிலிருந்து காலை எடுக்காமல்.

"அறுக்குற கலத்துக்கு அரை மரக்கால் நெல்லு கூலி கூட வேணும்."

"நடக்காது," என்றார் காரியஸ்தர்.

"புடிங்க, விடாதீங்க," என்றார் பாய் கீழேயிருந்து. இருவருமே அதன்படி விடவில்லை. கடைசிக் காற்று குமிழியிட்டு வெளியேறி பிரேக் கல்லாக இறுகியபோது, பேச்சுவார்த்தையும் கல்லாக இறுகிப்போயிருந்தது. சங்கத் தலைவர் போகிறபோது புது டிரம்மை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். காரியஸ்தரும் தன் பங்குக்குத் தட்டினார்.

மறுநாள் காலையிலேயே சேதி வந்தது. கீழத்தெரு ரோட்டில் இரண்டு கூட்டமும் நிற்கிறது, கை ஓங்கிவிடும்போல் இருக்கிறது என்று. தாசில்தார் முன் சீட்டில் ஏறினார், நான் பின்னால். பாய் விரலை நனைத்துக் காற்றைப் பார்த்தார். பிரேக்கை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. ஒருவேளை பிடிக்காவிட்டால் தபால் அறைதானே என்ற பயத்தில் அதைத் தொடவே அவருக்கு மனசில்லை.

தூரத்தில் கூட்டம் தெரிந்தது. பாய் ஹாரன் அடித்தார்.

யாரும் குதிக்கவில்லை.

மறுபடி அடித்தார். இடப்பக்கமும் அசையவில்லை, வலப்பக்கமும் அசையவில்லை. பிறகுதான் தெரிந்தது. இரண்டு தலைவர்களும் இரவோடிரவாகத் தங்கள் ஆட்களிடம் ஒரே சேதியைச் சொல்லியிருந்தார்கள்: பாய் வண்டிக்குப் பெரிய பிரேக் போட்டாச்சு, என் கண்ணால பாத்தேன், இனிமே ஒருத்தனும் வயல்ல எறங்கக் கூடாது. சண்டையில் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டமும் அந்தப் பிரேக்கின் மீது ஒருமித்த நம்பிக்கை வைத்து ரோட்டில் நின்றது. நம்பாதவர் ஒருவர்தான். அவர் கையில்தான் சுக்கான் இருந்தது.

ரோட்டின் நடுவே, உள்ளூர்க் கூட்டத்துக்கு முன்னால், அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். நடவிலும் அறுப்பிலும் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டு, வருகிற ஜீப்பையே பார்த்தாள். அவள் நிழல் விலகினாலும் விலகும், அவள் விலகமாட்டாள்.

"பாய்," என்றார் தாசில்தார்.

பாய் மிதித்தார்.

முன் சக்கரம் இரண்டும் பூமியைக் கவ்விப் பிடித்தன. ரோடெல்லாம் வைக்கோல் பரப்பியிருந்தது, போகிற வண்டிகள் மிதித்து மிச்ச நெல்லை உதிர்த்துக் கொடுக்கட்டும் என்று. அதில் பழைய பின் சக்கரங்கள் வழுக்கின. ஜீப் மூக்கைக் குத்தி, வாலைத் தூக்கி, கால் வட்டம் சுழன்று, லாஞ்சு துறையோடு அணைகிற மாதிரி ரோட்டுக்குக் குறுக்கே, இரண்டு கூட்டத்துக்கும் நடுவே வந்து நின்றது. தாசில்தாரின் கண்ணாடி பானெட்டின் மேல் கிடந்தது. அஞ்சலையின் முழங்காலுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முறம் வைக்கலாம்.

அஞ்சலை வெற்றிலையை ஓரமாகத் துப்பினாள்.

"நிப்பாட்டவும் தெரியுமா பாய் ஒங்களுக்கு? இத்தனை வருசம் எங்கள வயல்ல தள்ளிவிட்டுட்டுப் போனீங்களே, ஆசைக்கா?"

முதலில் சிரித்தது வெளியூர் ஆட்களில் ஒருவன். அப்புறம் இந்தப் பக்கம். அப்புறம் வைக்கோல், வாய்க்கால், வரப்பு எல்லாம் சிரித்தன. சிரித்த வாயோடு அரிவாளை ஓங்க முடியாது; முகம் ஒத்துழைக்காது.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்து, காலைப் பெடலில் ஊன்றி, உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"விட்டுறட்டுங்களா சார்?"

நெற்றியில் புடைப்போடு தாசில்தார் சொன்னார்: "புடிங்க பாய். நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

சூடான பானெட்டின் மேல் துண்டை விரித்து, இரண்டு பக்கமும் தலைவர்களை நிற்கவைத்துப் பேசினார் தாசில்தார். சங்கத் தலைவர் கேட்டதில் கொஞ்சம் குறைத்து, காரியஸ்தர் மறுத்ததில் கொஞ்சம் கூட்டி ஒரு அளவுக்கு ஒப்பினார்கள். வெளியூர் ஆட்கள் வந்த வழியே திரும்ப, உள்ளூர் அரிவாள்கள் வயலில் இறங்கின. அவ்வளவு நேரமும் பாய் காலை எடுக்கவே இல்லை. இஞ்சின் எப்போதோ அணைந்திருந்தது, வண்டி போவதற்கும் இடமில்லை. ஆனாலும் எடுக்கவில்லை.

தபால் அறைப் பேச்சு அதோடு போயிற்று. புது வியாதி ஒன்று வந்தது. பாய் எல்லாவற்றுக்கும் நிறுத்த ஆரம்பித்தார். ஆடு, வாத்து, குறுக்கே பறந்த கொக்கு. சைக்கிள்காரரிடம் "முன்னாடி போங்க தம்பி" என்று வழிவிட்டு நிற்பார். அரை மணி நேரத்துப் பயணம் அரை நாள் ஆனது. தாசில்தார் ஒரு நாள் வாய்விட்டே கேட்டார்: "பாய், அந்தப் பழைய டிரம் இன்னும் இருக்கா?"

அடுத்த வருடம் எனக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவிடுகிறேன் என்று பாய் பிடிவாதமாகக் கிளம்பினார். தகரப் பெட்டி என் மடியில். பஸ் ஸ்டாண்ட் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்னாலேயே, அரசமரத் திருப்பத்தில், இஞ்சினை அணைத்துவிட்டார். ஜீப் பழையபடி சத்தமில்லாமல் மிதக்கத் தொடங்கியது.

"அதான் பிரேக் இருக்கே பாய்," என்றேன்.

"இருக்கு தம்பி," என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "இன்னிக்கு என்னத்துக்கு அவ்வளவு வெரசா போய்ச் சேரணும்?"

ஆடி மாதம். எதிர்க்காற்று. ஜீப் மெலிந்து மெலிந்து, பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. தஞ்சாவூர் பஸ் கிளம்பிப் போவது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் ஹாரன் அடிக்கவில்லை, நானும் கை தட்டிக் கூப்பிடவில்லை.