துடைத்து அனுப்பிய பளிங்கு

பதுளையில் இடியைக்கூட மெதுவாக விழச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் காந்தம் மாஸ்டர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், இரத்தினக்கல் வியாபாரியான நானாவின் வீட்டு மாடியில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். நான் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன், எழுதுவினைஞர் வேலை. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரசாயன ஆசிரியர். வெளிநாட்டில் பாதியில் விட்ட ஆராய்ச்சியின் மீதியை ஜாம் போத்தல்களில் நடத்திக்கொண்டிருந்தார். பழுப்புத் தண்ணீருக்குள் கறுப்புப் பளிங்கு வளரும். அது அசையக்கூடாது என்று நான் படியேறும்போதே வாசலில் வந்து நிற்பார்.

"ஐசே, மெல்ல நடவும்."

"செருப்பக் கழட்டிட்டுத்தான் வர்றேன் மாஸ்டர்."

"குதிக்காலையும் கழட்டினா நல்லம்."

நானா தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிவிடுவார். அந்தப் பளிங்கில் ஒவ்வொரு மூலக்கூறும் தனிக் காந்தமாக இருக்கலாம் என்று கேள்விப்பட்டதும் ஊசியோடு வந்தார். ஊசி அசையவில்லை.

"என்னா மாஸ்டர், ஒரு ஊசியச் சரி இழுக்காதா?"

"கடுங்குளிரிலதான் காந்தமா நிக்கும்."

"அப்ப நுவரெலியாவுக்குக் கொண்டு போவமே."

"அந்தக் குளிர் காணாது, நானா."

அன்றுதான் மாஸ்டருக்குக் 'காந்தம்' என்ற பட்டம் கிடைத்தது.

எக்ஸ்ரே கதிரைப் பளிங்குக்குள் விட்டால் சிதறிப் புள்ளி புள்ளியாக விழுமாம். அந்தப் புள்ளிகளைக் கணக்குப் பார்த்தால் அணுக்கள் எப்படி நிற்கின்றன, காந்தம் எந்தத் திசையில் நிற்கும் என்பதெல்லாம் தெரியுமாம். வெளிநாட்டுச் சிநேகிதர் ஒருவர் தன் இயந்திரத்தில் ஒரு தடவை பார்த்துத் தருவதாக எழுதியிருந்தார். மாஸ்டரிடம் தேறிய பளிங்கு ஒன்றே ஒன்றுதான். விட்டுவந்த ஆராய்ச்சி முழுவதும் அதில்தான் இருந்தது.

பரீட்சை வேலையாகப் பண்டாரவளைக்குப் போகுமுன், அதைச் சின்னக் குப்பியில் இட்டு என்னிடம் தந்தார். "இருக்கிறபடியே தபாலில போடும்" என்றார்.

குப்பித் தண்ணீரைப் பார்த்தேன். ஒரே அழுக்கு. வெளிநாட்டுக்கு இதையா அனுப்புவது? பளிங்கை எடுத்துப் பக்குவமாகத் துடைத்தேன். நானா நீலக்கல் மடிப்பதுபோல் வெள்ளைத் தாளில் மடித்து அனுப்பினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. தாளுக்குள் வெறும் தூள்தான் இருந்ததாம். ஈரம் காய்ந்தால் பளிங்கு உடைந்துவிடுமாம்.

"தண்ணி அழுக்கா இருந்திச்சு மாஸ்டர். நான்தான் தொடச்சேன்."

மாஸ்டர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு என்னைத் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்காரச் சொன்னார்.

"எழுதும். பொதி செய்ததில பிழை என்னுடையது."

"பிழை என்னோடதுங்களே."

"ஏன் தண்ணியோட அனுப்ப வேணும் எண்டு நான் உமக்குச் சொல்லேல்லை. படிப்பிக்காதவன்ர பிழைதானே அது?"

மறுநாள் புதிதாகக் கரைசல் ஊற்றிய போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இதில வளருறதையும் நீர்தான் அனுப்ப வேணும். பளிங்கு எப்பிடிச் சாகும் எண்டு இந்த ஊரில உம்மளவுக்குத் தெரிஞ்ச ஆள் இல்லை."

மேசை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.