உங்கள் தம்பி பேசுகிறார்

ஈப்போ,
புதன்கிழமை.

தைப்பிங்கில் இருக்கும் அன்புள்ள வீரம்மா அண்ணிக்கு, கலாதேவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆபரேஷன் செய்த முழங்கால் இப்போது மடங்குகிறதா? மழை விட்டதா என்று தைப்பிங்காரர்களிடம் கேட்பது வீண்தான், ஆனாலும் கடிதம் என்றால் கேட்க வேண்டுமே, கேட்டுவிட்டேன். இங்கே நானும் உங்கள் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். குறை உடம்பில் இல்லை அண்ணி, வாயில்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். போன வாரம் போன் செய்தபோது நடந்ததை நீங்களே பார்த்தீர்களே! நான் "அண்ணி" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் "யாரு, அக்காவா? குடு குடு" என்று பிடுங்கிக்கொண்டு போய், கோப்பி ஆறி ஈ விழும்வரை பேசினாரே. "என்னாச்சும்மா இவனுக்கு, இப்படிப் பேசுறான்?" என்று நீங்கள் கேட்டது எனக்கும் கேட்டது. பதில் சொல்லத்தான் போன் என் கைக்குத் திரும்பி வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. காலமெல்லாம் கல்குவாரியில் மெஷினுக்குள் தனியாக உட்கார்ந்து பாறையை இடித்த மனுஷன், அந்தச் சத்தத்துக்கு வீட்டிலாவது அமைதி வேண்டாமா என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, ஊரெல்லாம் அதையே சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் பேச வேண்டியதை இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவந்தேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்து வீட்டில் இன்சூரன்ஸ் விற்கிற தர்மா ஒரு சனிக்கிழமை வந்து, "அண்ணே, டவுன்ல ஒரு பேச்சு கிளாஸ், ஆள் பத்தல. சும்மா வந்து உக்காருங்க, நாசி லெமாக் குடுப்பாங்க லா" என்று கூட்டிக்கொண்டு போனான். நாசி லெமாக் தின்னத்தானே போகிறார் என்று சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். என் கையாலேயே தேய்த்துக் கொடுத்தேன் அண்ணி! அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் போய் வந்தார். நன்றாகச் சமைக்கிறார்கள் போல என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல், "இந்தாம்மா, மலை மேல மேகத்தப் பாரேன், யாரோ வேட்டி காயப்போட்ட மாதிரி இல்ல?" என்கிறது. திரும்பிப் பார்த்தால் உங்கள் தம்பி! மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்தால் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்றுகூடப் பார்க்காமல் தர்மாவின் காரில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அங்கே சீன டாக்டர் பெண், கையைத் தூக்குங்கள், சிரியுங்கள் என்று சோதித்துக்கொண்டிருக்கையில் இவர் அவளிடம் கேண்டனீசில் என்னமோ சொல்கிறார், அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், வெளியே காத்திருக்கிற சனம் கதவைத் தட்டுகிறது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. "கேண்டனீஸ் எப்பப் படிச்சீங்க?" என்றேன். "குவாரியில பாதிப் பேரு சீன ஆளுங்கதானே, காதுல விழுந்தது" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!" என்றால், "உனக்குத்தான் கேண்டனீஸ் தெரியாதே" என்கிறார். கடைசியில் டாக்டர் அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு என் கையில் பட்டையைச் சுற்றினாள். பிரஷர் எனக்குத்தான் ஏறியிருந்தது. மாத்திரையும் எனக்குத்தான்.

அன்று திறந்த வாய் மூடவில்லை. மீன்காரரிடம் பேசுகிறார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனை நிறுத்திவைத்துப் பேசுகிறார். ஒருநாள், "கோர்ட்டுலேருந்து பேசுறோம், ஒங்க மேல கேஸ் இருக்கு" என்று ஏமாற்றுக்காரன் ஒருவன் போன் செய்தான். இவர் அவனை, எந்த ஊர், அம்மா இருக்கிறார்களா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று விசாரித்த விசாரிப்பில் அவனே வைத்துவிட்டு ஓடிவிட்டான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன மாதம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாகற்கா எனக்கு ஆரம்பத்துலேருந்தே புடிக்காதும்மா" என்றாரே! ஆரம்பத்திலிருந்து என்றால் எந்த ஆரம்பம் அண்ணி? சர்க்கரை வரக்கூடாது என்று வாராவாரம் தேடி வாங்கிச் சமைத்துப் போட்டவள் நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிட்டது என் அண்ணன் மகள் துளசியின் கல்யாணம். முழங்காலை வைத்துக்கொண்டு நீங்கள் வரவில்லை, வந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியதில்லை. செமோர் மண்டபத்தில் பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறேன், மைக்கில் உங்கள் தம்பியின் குரல்! யார் கொடுத்தார்கள் மைக்கை என்று எழுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். வணக்கமெல்லாம் நன்றாகத்தான் சொன்னார். மணப்பெண்ணின் பெயர் வந்தது. "து... து... து..." என்று நின்றுவிட்டது. மைக் அதை மண்டபம் முழுக்கப் பெரிதாக்கிப் போடுகிறது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டுச் சொல்கிறார்: "மன்னிச்சுக்குங்க. எனக்குச் சின்ன வயசுலேருந்தே திக்குவாய். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பேரு கேட்டா, நான் மாயாண்டின்னு சொல்லி முடிக்கங்காட்டியும் எல்லாரும் சிரிச்சு முடிச்சிருவாங்க. அப்ப மூடுன வாய், பேச்சு கிளாஸ் போயி இப்பத்தான் தொறக்குறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க, சொல்லிருவேன்." பிறகு துளசி பெயரை முழுசாகச் சொன்னார். "பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரும் சண்ட போட்டாலும் பேசுங்க. பேசாம இருக்குறது சொகமாத்தான் இருக்கும். ஆனா ஒரே வீட்ல இருந்துகிட்டு ஒருத்தர ஒருத்தர் தெரியாமப் போயிரும்" என்று சொல்லி மைக்கை வைத்தார். சனம் கைதட்டியது. சிரித்த பக்கமிருந்தும் கைதட்டல் வந்தது.

எனக்குக் கை எழவில்லை அண்ணி. திக்குவாயா? யாருக்கு? பிள்ளை பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தும் ஆகிவிட்டது, கட்டின புருஷனுக்குத் திக்குவாய் என்று கல்யாணக் கூட்டத்தோடு கூட்டமாக நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன், கையில் அப்பளத்தோடு. காரில் வரும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பொண்ணு பாக்க வந்தப்ப பயம். கட்டுனப்பறம் வெக்கம். அப்பறம் பழகிப்போச்சு" என்றார். பெண் பார்க்க வந்த அன்று, "தம்பி ரொம்ப அடக்கம், பேச்சே கெடையாது" என்று என் அப்பாவிடம் சொன்னது நீங்கள். அதற்குப் பெயர் அடக்கமா? நீங்களாவது என் காதோடு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே!

சரி, அதை நேரில் வரும்போது கேட்டுக்கொள்கிறேன். இப்போது தலைபோகிற காரியம் வேறு. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் பேச்சுப் போட்டியாம். கிளாசில் இவரைத்தான் அனுப்புகிறார்களாம். சனிக்கிழமையே வந்து உங்கள் வீட்டில் தங்குவாராம். செமோரில் இருந்தவர்கள் சொந்தக்காரர்கள், பொறுத்துக்கொண்டார்கள். தைப்பிங்கில் யார் பொறுப்பார்கள்? அத்தனை அந்நியர் முன்னால் வார்த்தை நின்று, அவர்கள் சிரித்து, இவர் பழையபடி வாயை மூடிக்கொண்டால் மறுபடி யார் திறப்பது? அக்கா பேச்சைத் தட்ட மாட்டார். முழங்கால் வலிக்கிறது, வீட்டுக்கூரை ஒழுகுகிறது, எதையாவது சொல்லி வரவேண்டாம் என்று நிறுத்திவிடுங்கள். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

முழங்காலுக்கு எண்ணெய் தடவ மறக்காதீர்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அம்மன் ஒரு குறையும் வைக்க மாட்டாள்.

பணிவுடன்,
தம்பி மனைவி கலாதேவி.

பி.கு.: எழுதி முடித்தும் தபாலில் போட முடியவில்லை, அதற்குள் நானே அவரிடம் வாயைவிட்டுவிட்டேன். "போட்டிக்குப் போகாதீங்க, சிரிப்பாங்க" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு வீட்டில் ஒரு சத்தமில்லை. டிவியைக் கூட்டி வைத்தும் வீடு நிறையவில்லை. இத்தனை வருஷம் இதற்குள் எப்படித்தான் குடித்தனம் செய்தேனோ! இன்று காலை பொறுக்க முடியாமல், நடுக்கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "என்னதான் பேசப்போறீங்க, சொல்லுங்க, கேப்போம்" என்றேன். எழுந்து நின்று பேசினார். பாதியில் ஒரு வார்த்தை மாட்டிக்கொண்டது. "க... க..." என்று நிற்கிறார், முகமெல்லாம் சிவக்கிறது. எடுத்துக் கொடுக்க என் நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தானாகவே வந்தது அண்ணி. "கலாதேவி" என்றார். இவ்வளவு காலத்தில் அவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மரியாதைக்குச் சொல்வதில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஆகவே மேலே எழுதியதைப் படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். புதிதாக எழுத நேரமில்லை, அடுத்த பத்தியைக் கேட்கக் கூப்பிடுகிறார். சனிக்கிழமை இரண்டு பேருமாக வருகிறோம். மண்டபத்தில் எனக்கு முன்வரிசை வேண்டாம், பின்வரிசையில் இடம் பிடித்து வையுங்கள். சிரிக்கிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள்.