ஏழாவது ஸ்டேஜ் முதலை

கோபம் வந்தால் ஒருவர் எப்படிப் பேசுவார் என்று தெரிந்துகொள்ள ஜாதகம் பார்ப்பதெல்லாம் வீண். கையில் ஒரு பழைய வீடியோ கேமைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே இருந்து காது கொடுத்தால் போதும். என் விஷயத்தில் ஆறு பேர் அப்படிக் கேட்டார்கள். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டபடி.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பொறுப்பான பெண் என்று பெயர். (பெயர் கொடுத்தது என் அம்மா. தரகரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.) வீடு ஒக்கலிபுரத்தில். சின்ன வயதில் எனக்கும் ராஜு அண்ணனுக்குமாக ஒரே ஒரு டிவி கேம், அதற்கு ஒரே ஒரு கேசட். தலைப்பு ஜப்பானிய எழுத்தில் இருந்ததால் ‘முதலை கேம்’ என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஹெல்மெட் போட்ட இரண்டு குட்டி ஆட்கள் காடு மேடெல்லாம் ஓடுவார்கள். ஏழாவது ஸ்டேஜில் ஓர் ஆறு. முதலைகளின் முதுகில் குதித்துக் குதித்து அக்கரை போக வேண்டும். கடைசி முதலை மட்டும், நாம் குதிக்கும் நேரம் பார்த்து வாயைத் திறக்கும். பள்ளிக்கூடம் முடிகிறவரை நாங்கள் அந்த வாயைத் தாண்டவில்லை. ஊதி ஊதியே கேசட்டும் ஒருநாள் உயிரை விட்டது.

வருஷங்கள் போயின. அண்ணன் வேலைக்காக ஹைதராபாத் போனான். அங்கிருந்து ஒருநாள், வீட்டில் குழந்தை பிறந்த மாதிரிக் குரலில் போன் செய்தான்.

“சுகி! நம்ம முதலை கேம் வந்திருக்குடி! மாசச் சந்தா கட்டினா பழைய கேம் எல்லாம் போன்லயே ஆடலாமாம். நீ அங்க, நான் இங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே ஆடலாம்!”

புதிய ஏற்பாட்டில் ஒரு சலுகையும் இருந்தது. விழுந்தால், ஓரத்தில் இருக்கும் பட்டனை அமுக்கிப் பத்து விநாடி பின்னால் போய்விடலாம். “அதை அமுக்கினா நீ என் தங்கச்சியே இல்ல” என்றான் அண்ணன். நானும் சத்தியம் செய்தேன். அந்த வைராக்கியத்தைப் படிப்பில் காட்டியிருந்தால் இன்றைக்கு நான் கலெக்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு பிரேசர் டவுனிலிருந்து என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மூன்று மணிக்கே பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை என்று தயாராகிவிட்டேன். மூன்றே முக்காலுக்கு அவர்களிடமிருந்து போன். மழையில் அண்டர்பாஸில் தண்ணீர் நிற்கிறது, வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

ஒன்றரை மணி நேரம்! நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். “ஆபீஸ் கால்மா” என்று அம்மாவிடம் ஒரு பொய். காதில் ஹெட்போன், அதில் அண்ணன் குரல். ஏழாவது ஸ்டேஜ். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாவது முதலையில் நிற்கும்போது, போன் திரையில் ஏதோ ஒரு கேள்வி வந்து ஆற்றை மறைத்தது. படிக்க நேரம் ஏது? ‘சரி’ என்று அமுக்கித் தள்ளிவிட்டேன்.

‘ஹால் டிவியுடன் இணைக்கவா?’ என்பதுதான் அந்தக் கேள்வி.

ஹாலில் நடந்தது பிற்பாடு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீர் எப்படியோ வடிந்து, அவர்கள் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மோகன், அவருடைய அப்பா, அம்மா, சித்தி. “பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமைலயும் ஆபீஸ் மீட்டிங், இதோ வந்துடுவா” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அம்மா பஜ்ஜித் தட்டை வைத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் அப்பா டிவியைப் போட்டிருக்கிறார். ஆறும் முதலைகளும் வந்தன. சேனலை மாற்றினார், மாறவில்லை. ரிமோட்டின் முதுகில் நாலு தட்டுத் தட்டினார். அதற்கும் மாறவில்லை.

ஹெட்போன் போட்டவர்களுக்குத் தங்கள் குரல் தெரியாது. எனக்கு இயல்பாகவே எட்டு வீடு கேட்கிற குரல்.

“குதிடா எருமை! குதி! அய்யோ, என்னையும் சேத்துத் தள்ளிட்டியே, கழுதை!”

மோகனின் அப்பா மெதுவாகக் கேட்டாராம். “மீட்டிங்னு சொன்னீங்க?”

“மீட்டிங்தாங்க. கொஞ்சம்... பெரிய பிரச்சினை போல” என்றாராம் என் அப்பா.

அந்த நேரம் பார்த்து அண்ணன் என் காதில் கேட்டான்: “மாப்பிள்ளை போட்டோ பாத்தியே, ஆள் எப்படி?”

“நல்லாத்தான் இருக்காரு. சிரிச்சா மட்டும் நம்ம ஏழாவது ஸ்டேஜ் முதலைதான். வாய் பூரா பல்லு!”

டிவியில் கடைசி முதலை வாயைத் திறந்தது. ஹாலில், பஜ்ஜியைக் கடிக்கப் போன மோகன் வாயை மூடிக்கொண்டார்.

நான் குதித்தேன். விழுந்தேன். கடைசி உயிரும் போனது.

“சுகி, உன் ரூம்ல யாரு?” என்றான் அண்ணன்.

“யாரும் இல்லியே.”

“நீ விழுந்தப்போ நாலஞ்சு பேரு ‘ச்சே’ன்னு சொன்னாங்களேடி!”

ஹெட்போனை இறக்கினேன். கதவை ஒரு விரல்கடை திறந்தேன். ஆறு பேரும் வரிசையாக டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் இருந்த அதே ஆறு, எதிரே டிவியில் கதவகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தரை பிளக்கவில்லை. ஒக்கலிபுரத்து மொசைக் தரை அவ்வளவு சுலபத்தில் பிளக்காது. போனைப் பிடித்த கையோடு வெளியே போய் நின்றேன். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. அவளைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை முட்டியது.

மோகனின் அம்மாதான் முதலில் பேசினார்.

“உக்காரும்மா. ஒரு சந்தேகம். அந்தக் கடைசி முதலை மேல ஏன் குதிக்கற? அதுக்கு முந்தின முதலை பக்கத்துலயே கரை இருக்கே.”

“அக்கா, சும்னிரு!” என்று வாயை மூடச் சொல்லி, சித்தி அவர் தொடையைத் தட்டினார்.

நான் டிவியைப் பார்த்தேன். கரை இருந்தது. திரையின் மேல் ஓரத்தில், இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. குதித்தால் எட்டுகிற தூரம்தான். அண்ணனும் நானும் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

மோகன் என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். வேண்டாம் என்பதை நேரில் சொல்லிவிட்டுப் போகிற நாகரிகம் உள்ளவர் போலிருக்கிறது என்று நினைத்தபடி பால்கனிக்குப் போனேன்.

“விழுந்தா பின்னாடி போறதுக்குப் பட்டன் இருக்கே. ஓரத்துல பாத்தேன். ஏன் அமுக்கல?”

“அது கள்ளாட்டம்.”

“பேசினதைப் பின்னாடி இழுக்க ஒரு பட்டன் இருந்தா?”

“அதை மட்டும் அமுக்குவேங்க. சாரி.”

அவர் சிரித்தார். பல் நிறையத்தான் இருந்தது. அதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் போட்டோவில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது. சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரித்தது.

என் கழுத்தில் கிடந்த ஹெட்போனிலிருந்து அண்ணன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். “சுகி! இருக்கியா, போயிட்டியா?” மோகன் கையை நீட்டினார். கொடுத்தேன். மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்:

“வணக்கம். முதலை பேசறேன்.”

 அந்தப் பக்கம் இணைப்பு உடனே துண்டிக்கப்பட்டது.

நாலாம் நாள் சம்மதம் என்று போன் வந்தது. ஆறு மாதத்தில் கல்யாணம். இப்போதும் நானும் மோகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறோம். பதினோராவது ஸ்டேஜில் ஒரு காண்டாமிருகத்திடம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டலாமென்றால், “நீங்களே கண்டுபிடிங்க” என்கிறார்.

என் அப்பாதான் அந்த நாளிலிருந்து மீளவில்லை. போன மாதம் ஆஸ்டின் டவுனில் என் சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்னதாகவே போய்விட்ட அப்பா, வந்தவர்களுக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகப் போய் டிவி பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஷாக் அடிக்குதுங்களா?” என்று கேட்டாராம் மாப்பிள்ளையின் அப்பா.

“எங்களுக்கு ஒருவாட்டி அடிச்சுதுங்க” என்றாராம் அப்பா.